வெற்று மாதிரி

ஒரு கிராம் தூள்.
ஈரம் பட்டுக் கட்டியான பால்மாவின் நிறம்.
உள்ளே முழுக்கத் துளைகள்.
அத்தனை துளைச் சுவர்களையும் உரித்து விரித்தால்
ஒரு ஏக்கர் வரும் என்பது கணக்கு.
சொன்னதும் அச்சிமுகம்மது சிரித்தார்:
"அப்ப ஒரு கிலோ தா புள்ள,
ஆயிரம் ஏக்கர் வெள்ளாமை செய்வம்.
வாய்க்கால் சண்டையும் இல்ல."

சம்மாந்துறையில் கரண்ட் போய்ப் போய் வந்த மாதம் அது.
நூற்றிருபது பாகையில் ஒரு பகலும் இரவும்
அசையாமல் வேக வேண்டிய தூள்
மூன்று தரம் பாதியில் ஆறியது.
நாலாம் தரம் நான் வீட்டுக்குப் போகவில்லை.
ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றினேன்,
வாப்பாவின் அழைப்புக்கு
"இன்னும் வேகல்ல" என்றேன்.
எது என்று அவர் கேட்கவில்லை.

மாதிரிகள் ஐஸ்கிரீம் பெட்டியில் வந்தன,
நிந்தவூர் மீன்வாடி ஐஸில் புதைந்து.
குடும்பநல மாது தவமலர்
ஸ்கூட்டியிலிருந்து இருபத்தாறு போத்தல் இறக்கினாள்.
வட்டையில் எண்ணெய் அடிக்கிறவர்களின்
விடிகாலைச் சிறுநீர்.

என்ன எண்ணெய் என்று அவர்களுக்குப் பெயர் தெரியாது.
மூடியின் நிறம் சொல்லித்தான் கடையில் வாங்குகிறார்கள்.
பச்சை மூடி பூச்சிக்கு. சிவப்பு மூடி புல்லுக்கு.
நீல மூடி எதற்கு?
"அது ரெண்டும் கேளாட்டி."

துளை ஒவ்வொன்றும் அளவெடுத்து வெட்டிய வாசல்.
உப்பு நுழையும், திரும்பி வரும்.
யூரியா நுழையும், உட்காராமல் போகும்.
பச்சை மூடியின் மூலக்கூறு மட்டும்
தன் வளையத்தைச் சுவரின் வளையத்தோடு ஒட்டிப்
படுத்துவிடும்.
கொஞ்சம் மெதனோல் தெளித்து
எழுப்பி, வெளியே கூட்டிவர வேண்டும்.
இரண்டரை ஏக்கரில் இடுப்பளவு தண்ணீர் கட்டி
ஒரு சிட்டிகை உப்புப் போட்டால் எவ்வளவு கரிக்கும்?
அவ்வளவையும் பிடிக்கும் இந்தத் தூள்.

ஆனால் முதலில் ஒரு வெற்று மாதிரி வேண்டும்.
எதுவுமே இல்லாத ஒருவரின் சிறுநீர்.
அதற்கு எதிரே வைத்துத்தான் மற்றவர்களை அளக்கலாம்.
நான் வட்டைக்குள் கால் வைத்ததில்லை.
வாப்பாவுக்குச் சைக்கிள் கடை.
எங்கள் வளவில் பூச்செடிகூடக் கிடையாது.
ஆகவே நானே போத்தலை எடுத்துக்கொண்டு
கழிவறைக்குப் போனேன்.
லேபலில் எழுதினேன்: வெற்று.

திரையில் கோடு தட்டையாக ஓடியது.
நாலாவது நிமிடத்தில் ஒரு சின்ன மேடு.

ஊசியைக் கழுவினேன்.
மெதனோல் போத்தலைப் புதிதாகத் திறந்தேன்.
கண்ணாடிகளைச் சூட்டடுப்பில் வைத்துச் சுட்டேன்.
வெறும் தண்ணீரைச் செலுத்திப் பார்த்தேன்: தட்டை.
வெறும் தூளை: தட்டை.
என்னுடையது மறுபடியும்:
நாலாவது நிமிடம்.

பிறகு நூலகத்து ஜெஸீமாவிடம் கேட்டேன்.
வெட்கப்பட்டு, மறுத்து,
பின்னேரம் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்தாள்.
வாசல் காவலாளி தந்தார். தவமலரும் தந்தாள்.
நாலாவது நிமிடம்.
நாலாவது நிமிடம்.
தவமலருடையதைப் பார்க்கும்போது
நான் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை,
அவள் வயிற்றைப் பார்த்தேன். ஆறாம் மாதம்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து
அச்சிமுகம்மது முடிவு கேட்க வந்தார்.
முப்பத்தொரு வருஷமாக முதுகில் டாங்கி சுமந்ததில்
இடது தோள் தாழ்ந்திருந்தது.
"எனக்கு எவ்வளவு?"
உங்களுக்குப் பத்து என்றால்
எனக்கு ஒன்று, என்றேன்.
அவர் தொப்பியைக் கழற்றி மடித்தார்.
திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
கோபமில்லாமல், உண்மையாகவே தெரியாமல் கேட்டார்:
"நீ எந்த வட்டையில புள்ள எண்ணெய் அடிச்ச?"

மதியச் சோற்றுப் பொதி
மேசையில் பிரிக்காமல் கிடந்தது.

அவர் போன பிறகு
போத்தலில் இருந்த சொல்லை நகத்தால் சுரண்டினேன்.
பசை மட்டும் மிஞ்சியது.
அதன் மேல் எழுதினேன்:
இருபத்தேழு.