வெள்ளீயக் கிண்ணங்கள்

எண்ணூறு மீட்டர் ஆழத்தில் பறித்த மட்டி
ஓர்த்தா துறைமுகத்து ஆய்வகத்தில்
என் கத்திக்கு வாய் திறக்கிறது.
அழுகிய முட்டை வாடை.
இடலினா, ஜன்னலைத் திற, என்கிறார் குவால்தெர்.
திறந்தால் டீசல் புகை வரும்,
பின்னால் பீக்கோ மலை.

குடல் இதற்குப் பெயருக்குத்தான், நூல் மாதிரி.
சமையல் எல்லாம் செவுளில்.
வெந்நீர் ஊற்று கக்கும் கந்தகத்தைத் தின்று
பாக்டீரியா அங்கே குடும்பம் பெருக்கும்,
மட்டி அதைக் கொஞ்சம் கொஞ்சமாய்ச் செரிக்கும்.
குடிவைத்தவனே
குடித்தனக்காரனைத் தின்று வாழும் வீடு.

அந்த வீட்டுக்குள்ளும் ஒருத்தி:
செவுள் மடிப்பில் சுருண்ட
இளஞ்சிவப்புச் செதில்புழு.
கேட்டுக்கொண்டு வந்தவள் இல்லை.
சளியை நக்குவாள், பசித்தால் சுவரையும் கடிப்பாள்.
இடுக்கியால் எடுத்துப் போட்டேன்,
தட்டில் கோபமாய்ப் புரண்டாள்.

யார் யாரைத் தின்றார் என்று
நின்று பார்த்தவர் யாருமில்லை, அத்தனை இருட்டு.
உடம்புதான் கணக்கு எழுதி வைத்திருக்கிறது.
தின்றவன் சதையில்
கனத்த நைட்ரஜன் ஒரு படி ஏறும்.
உலர்த்தி, பொடித்து,
மிளகளவு வெள்ளீயக் கிண்ணத்தில் மடித்து
இயந்திரத்துக்குப் படைக்கிறேன்.

மட்டி, பூஜ்யத்துக்குக் கீழே.
புழு, அதற்குச் சற்று மேலே, நன்றியில்லாமல்.
நண்டு இன்னும் மேலே.
பதினேழாம் நண்டு மட்டும்
எல்லா நண்டுக்கும் மேலே.
மறுபடி ஓட்டினோம், அதே எண்.
சொந்தக்காரனைத் தின்றிருக்கும், என்றார் குவால்தெர்.
பிறகு வெகுநேரம் மூக்குக்கண்ணாடி துடைத்தார்.
அண்ணனோடு அவருக்கு நிலத் தகராறு.

வெள்ளிக்கிழமை ஒரு கிண்ணம் மிஞ்சியது.
என் தலைமுடியை நறுக்கிப் போட்டேன்.
பதினேழுக்கும் மேலே நான்.
சூரை மீன், பாலாடைக்கட்டி,
ஃபூர்னாஸில் அம்மா எரிமலை மண்ணில் புதைத்து
மத்தியானம் தோண்டி எடுக்கும் கறிப்பானை.

பள்ளிப் பிள்ளைகள் வந்தால் சொல்வேன்,
அடியில் நடப்பது சூரியன் வேண்டாத விருந்து.
பொய்யில்லை. முழு நிஜமுமில்லை.
கந்தகத்தை எரிக்க அந்தப் பாக்டீரியா இழுக்கும் பிராணவாயு
எப்போதோ மேலே, வெயிலில்,
ஏதோ ஒரு பாசி விட்ட மூச்சு.

தொட்டியில் மீதி முப்பது மட்டிகள்.
குழாயில் கந்தகக் கரைசல் நேற்றே தீர்ந்தது.
லிஸ்பன் கப்பல் புயலில் நிற்கிறதாம்,
புதன்கிழமைக்கு முன் இல்லை என்று பெல்மீரோ போன் செய்தான்.
செவுள்கள் மெல்ல வெளுக்கின்றன.

உள்ளே புழுக்களுக்கு
இன்னும் தகவல் போகவில்லை.