வெள்ளிக்கிழமைக்குள் எழுநூறு சொல்

இரண்டு நாவல்கள். இரண்டுக்கும் சேர்த்து எழுநூறு சொல்.
வெள்ளி மாலை ஐந்துக்குள் மெல்போர்ன் போய்ச் சேர வேண்டும்.
சன்மானம், என் காரின் ஒரு டயர் விலை.

முதலாவது நம்மூர்க்காரி எழுதியது.
விக்டோரியாவின் வடமேற்கு, கோதுமைத் தாள் எரியும் மாதம்,
நான்கு சகோதரர்கள் ஒரு பண்ணையைப் பங்கு போடுகிறார்கள்.
பேசுகிறார்கள், பேசுகிறார்கள்,
பீர் மூடி திறக்கும் சத்தத்துக்குக்கூட ஓர் உவமை.
'தூசிக்கு வாய் முளைத்த புத்தகம்' என்று எழுதி
அடித்துவிட்டேன்.
கெட்டிக்காரத்தனம் என் பழைய வியாதி.

இரண்டாவது நார்வேயிலிருந்து வந்தது.
ஒரு படகுத்துறை, மனைவியை இழந்த படகோட்டி.
நூற்றுப் பத்தாம் பக்கம் வரை அவர் வாயிலிருந்து வந்தவை
பதினான்கு வாக்கியங்கள். எண்ணினேன்.
மூன்று நாயிடம் சொன்னவை.

அறுபத்திரண்டாம் பக்கத்தில்,
பனி உருகிய மறுநாள்,
'பேடக்கைக் கடந்து' துறைக்கு நடக்கிறார்.
பேடக்!
செங்குத்துப் பாறைக்கும் உப்புத் தண்ணீருக்கும் நடுவே
எங்கள் கம்பிவேலி, எங்கள் செம்மறி, எங்கள் ஈ.
மொழிபெயர்த்தவர் ஜீலாங்கில் பிறந்தவராம், பின்னட்டை சொல்கிறது.
பென்சிலால் இரண்டு கோடு இழுத்தேன்.
பொறியில் முயல் விழுந்த சந்தோஷம்.
அந்த ஒரு சொல்லை அடிக்க
நூற்று முப்பது சொல் செலவழித்தேன்.

புதன் இரவு, பர்னி நூலகத்தின் பின்னறை.
மழை. ஹீட்டரில் ஒரு கம்பிதான் சிவந்தது.
ஒன்பது பேர், ஏழு பிரதி,
நோலீன் பாஸ்கோவின் எலுமிச்சை கேக்.
"இதில் ஒன்றுமே நடக்கவில்லையே" என்றார் டூகல் டிரெஸ்காட்,
காகித ஆலையில் முப்பது வருடம் ஷிப்ட் பார்த்தவர்.
"மனைவி செத்திருக்கிறாள்" என்றாள் நோலீன்.
"அது கதை தொடங்கும் முன்பே."
"அதனால்தான்."

பேச்சு இறுகியது.
நான் என் முயலை எடுத்து மேசைமேல் போட்டேன்.
சிரித்தார்கள். சிரிப்பார்கள் என்று தெரியும்.
தோர்பியோர்க் மட்டும் சிரிக்கவில்லை.
சால்மன் பண்ணை வேலைக்குக் கணவரோடு வந்து,
அவர் திரும்பிப் போன பிறகும் இங்கேயே இருந்துவிட்டவள்.
பையில் மூலப் பிரதி வைத்திருந்தாள்.
அந்த வாக்கியத்தை ஒருமுறை வாசித்தாள்.
சிறிய மரப்படிகளில் யாரோ ஏறி இறங்குவதுபோல் ஒரு மொழி.

"வீட்டை ஒட்டின புல் நிலத்துக்கு எங்கள் சொல் இது.
பேடக் சரியா தவறா, எனக்குத் தெரியாது.
ஆனால் இதே சொல் ஒன்பதாம் பக்கத்திலும் இருக்கிறது.
அவள் புல் அறுக்கப் போய்த் திரும்பாத இடம்.
இரண்டு இடத்திலும் ஒரே சொல்லைத்தான் போட்டிருக்கிறார் இவர்.
குளிர்காலம் முழுக்க அந்த மனிதர்
ரோட்டைச் சுற்றிக்கொண்டுதானே துறைக்குப் போனார்?
அன்றைக்குத்தான் குறுக்கே நடக்கிறார்."

ஒன்பதாம் பக்கத்தைப் புரட்டினேன்.
என் பென்சில் அங்கே போகவே இல்லை.
ஒரு காப்பிக் கறை இருந்தது.

கேக் கத்தியை யாரும் தொடவில்லை.
டூகல் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"நான் இன்னும் கூயி வழியாகச் சுற்றித்தான் வீட்டுக்குப் போகிறேன்" என்றார்.
ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.
நோலீன் அடுத்த மாதப் புத்தகத்தின் பெயரைச் சொன்னாள்,
கொஞ்சம் சத்தமாக.

வீட்டுக்கு வந்து நூற்று முப்பது சொல்லையும் வெட்டினேன்.
வலித்தது, அதில் இரண்டு வாக்கியம் நன்றாகவே இருந்தன.

மணி ஒன்றரை.
முதல் நாவலைத் திரும்பக் கையில் எடுத்திருக்கிறேன்.
இவ்வளவு சளசளப்பில்
கடைசித் தம்பி லாக்லன் என்ன சொன்னான்?
எல்லாரும் அவனிடம் பேசுகிறார்கள்,
அவன் பங்கை அவனுக்கே விளக்குகிறார்கள்,
அவன் கேட்டைத் திறக்கிறான், மூடுகிறான்.
எண்பதாம் பக்கம் வரை எண்ணிவிட்டேன்.

ஒன்று.
அதுவும் நாயிடம்.