சில்லறைச் செலவு

காலையில் வேடியப்பன் தக்காளி மண்டியின் கணக்கு,
சாயங்காலம் பாலக்கோடு பெண்கள் பந்தணியின் கணக்கு.
இரண்டும் என் கையெழுத்துதான்.

பெட்டி அறுபது ரூபாய்க்கு இறங்கிய வாரம்
பறிக்கிற கூலிக்கே கட்டவில்லையென்று
மாரண்டஹள்ளிப் பக்கம் தோட்டத்தில் ஆட்டை விட்டார்கள்.
முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி
"அந்தப் பந்துச் செலவு, இந்த மாசத்தோட நிறுத்திக்கலாம்மா" என்றார்.
நானே எழுதினேன்: நிறுத்தம்.
அன்று இரவு இன்னொரு நோட்டில்
அதே பேனாவால்
வரவுப் பக்கத்தில் ஒரு கோடு இழுத்தேன்.

இருபத்திரண்டு பேர். மாசம் ஒன்பதாயிரம். இரண்டு மாசம் நிலுவை.
கோயம்புத்தூர் போய்வர வேனுக்குப் பதினெட்டாயிரம்.
நடுவருக்கு, ஆம்புலன்சுக்கு, கோடு போடும் சுண்ணாம்புக்கு.
தேன்கனிக்கோட்டை கௌரம்மா கன்னடத்தில் திட்டினாள்.
புரியாத மாதிரி இருந்தேன்.
கோல்கீப்பர் மாதேஸ்வரி மட்டும்
"அக்கா, கிளவுசு கிழிஞ்சிருச்சு.
சம்பளம் அப்புறம் பாத்துக்கலாம்" என்றாள்.
அப்புறம் என்பதற்கு என் நோட்டில் பத்தி கிடையாது.

காசு தராதவர் பேரை நெஞ்சில் ஏன் சுமக்கணும்?
நியாயம்தான். புது ஜெர்சிக்கு வழியில்லை.
கணுக்காலுக்கு வாங்கிய வெள்ளைப் பிளாஸ்திரியைக்
கிழித்துக் கிழித்துப் பேர்மேல் ஒட்டினோம்.
பிசியோ ரூபாவதி சண்டைக்கு வந்தாள்:
"நாளைக்குச் சுளுக்குனா எதை ஒட்டறது, உங்க ரோஷத்தையா?"

ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்கூட மைதானம்.
காலரி என்று ஒன்று இல்லை.
மண்டியின் காலிப் பெட்டிகளைச்
சுமைக்காரர்கள் டெம்போவில் கொண்டுவந்து
கவிழ்த்து அடுக்கினார்கள், ஏழு படி.
ஏற்றுகிற பெட்டிக்கு ஐம்பது பைசா அணிக்கென்று
தங்களுக்குள் பேசி முடித்திருந்தார்கள்;
என்னிடம் யோசனை கேட்கவில்லை,
தொகையை மட்டும் சொன்னார்கள்.
டிக்கெட் முப்பது. அதையும் தனியாக வாங்கினார்கள்.

பந்து ஷாஹீன் காலுக்கு வந்தால் போதும்
மேஸ்திரி சின்னமாது தகர டின்னைத் தட்டி
மண்டிக் குரலில் ஏலம் போடுவார்:
"ஷாஹீன் ஒரு தரம்!"
ஏழு படியும் சேர்ந்து: "ரெண்டு தரம்!"
மூன்றாவதை விழுங்கி வைத்துக்கொள்வார்கள்.
சில ஆட்டங்களில் அதை வீட்டுக்கே எடுத்துப் போயிருக்கிறார்கள்.

எழுபதாவது நிமிஷம், வேர்வையில் பசை விட்டது.
முதலில் 'வே' தெரிந்தது, பிறகு 'மண்டி'.
ஒரு முனை மட்டும் ஒட்டியிருக்க
பிளாஸ்திரி தோளுக்கு மேல் படபடக்க
அவள் வலது ஓரமாக ஓடினாள்.
ஒரு தரம்.
ரெண்டு தரம்.
கம்பத்தில் பட்டுத் திரும்பிய பந்தை
அவளே மறுபடி,
மூணு தரம்!
எழுந்த வேகத்தில் படி சரிந்து
நாலு பெட்டி உடைந்தது.

சரிந்தவர்களுக்கு நடுவே பார்த்தேன்:
துண்டால் தலையை மூடிய ஒருவர்
நின்றுகொண்டே
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

தோற்றோம், ஒன்றுக்கு இரண்டு.
வேனுக்கு இன்னும் நாலாயிரத்து எழுநூறு குறைகிறது.

திங்கள் காலை பெட்டி எண்பத்தைந்து.
முதலாளி உட்காராமலே கேட்டார்:
"நேத்து முப்பது ரூபா செலவு. எதுல எழுதுவ?"
"சில்லறையில."
"உடஞ்ச பெட்டி?"
"அது சேதாரம்."
"அதையும் சில்லறையிலயே போடு."
வாசல்வரை போய்த் திரும்பினார்.
"அந்தப் பேர மூடறதுன்னா ஒழுங்கா மூடச் சொல்லு. இல்ல..."
லாரி ஹாரன் அடித்தது.
முடிக்காமல் ஏலத்துக்குப் போய்விட்டார்.

அந்த 'இல்ல'வை
இரண்டு நோட்டிலும் ஏற்றவில்லை.
பென்சிலால், ஓரத்தில்,
குறித்து மட்டும் வைத்திருக்கிறேன்.