எடைமேடை

ஸ்ரீவைகுண்டத்தில் மதகு தூக்கிய மூன்றாம் நாள்
ஆறு தேயிலைத் தண்ணீர் நிறத்தில்
புன்னைக்காயல் வந்து சேரும்.
அந்தக் கலங்கலுக்குத்தான் காலா ஏறும்.

மணப்பாட்டில் அலைச்சறுக்குப் பள்ளி ஒன்றை மூடியபோது
நாலாயிரத்துக்கு வாங்கிய மஞ்சள் கயாக் என்னுடையது.
அடியில் விரிசல். எம்-சீல் பூசியிருக்கிறேன்.
"குளிக்கிற தொட்டியத் தூக்கிட்டு வந்துட்டாருவே
உப்புக் கம்பெனி சாரு"
என்பான் கஸ்பார் தன் வள்ளத்திலிருந்து, ஒவ்வொரு தடவையும்,
இப்போதுதான் தோன்றியதுபோல.

வாரத்தில் ஆறு நாள் லாரிகளை நிறுக்கிறேன்.
பார வண்டி, வெறும் வண்டி, கழித்தால் உப்பு.
ஏழாம் நாள் இது.

வெள்ளம் நின்று வத்தம் தொடங்காத
ஒரு பீடி நேரம் உண்டு.
அதில், அலையாத்தி வேர்களுக்குக் கீழே,
உயிர் இறாலைத் தொங்கவிட்டேன்.
காலாவுக்குக் கண்மேல் கண்ணாடித் தோல்;
கலங்கலில் பெரிதாக ஒன்றும் தெரியாது.
மோவாய்க்கு அடியில் நாலு நரம்பு இருக்கிறது.
அதை வைத்துச் சேற்றைத் தடவித் தடவி வரும்,
கரண்டு போன வீட்டில்
தீப்பெட்டி தேடும் கை மாதிரி.

கிடைத்துவிட்டது.

ரீல் அலறியது. நான் இழுக்கவில்லை,
அதுதான் இழுத்தது.
கயாக் மூக்கைத் திருப்பிக் கடலைப் பார்த்து ஓட
பின்னாலிருந்து வத்தமும் தள்ள ஆரம்பித்தது.
கடைசி அலையாத்தி போயிற்று.
உப்பளத்துப் பம்புசெட் போயிற்று.
முகத்துவாரத்தில் வெள்ளை வெள்ளையாக மடங்குவது தெரிந்தது,
சத்தம் கொஞ்சம் பிந்தி வந்தது.
கத்தி காலடியில்தான் கட்டிக் கிடந்தது.
எடுக்கக் கை போகவில்லை.
பயமில்லை என்று சொல்ல மாட்டேன்.
ஆனால் பதினோரு வருடத்தில் முதல்முறையாக
ஏதோ ஒன்று
என்னை எடை போட்டுக்கொண்டிருந்தது.

ஒரே ஒருமுறை புரண்டு காட்டியது:
ஒரு விலாப்பக்கம், அதில் வெயில்,
அவ்வளவுதான்.

பிறகு நூல் தொய்ந்தது.
சுற்றி எடுத்தால் முள் நிமிர்ந்து ஊசியாக இருந்தது.
சாக்குத் தைக்கலாம்.

ஓட்டத்தை எதிர்த்துத் துடுப்புப் போட முடியாது.
மணல்திட்டில் காலை ஊன்றி,
ஓடப் பார்க்கும் மாட்டைப் பிடிப்பதுபோல்
கயாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
முழங்கால்வரை ஆறு, அதற்குமேல் கொண்டல் காற்று.
உதட்டை நக்கினேன்: ஒரு அலைக்கு உப்பு,
ஒரு அலைக்குப் பாபநாசம்.

சாயங்காலம் கஸ்பார் வள்ளம் திரும்பியது.
கயிறு எறிந்தான்.
தொட்டியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.
கரை நெருங்கும்போது, என்னைப் பார்க்காமல்,
"பாத்தேன்வே. எட்டுக் கிலோ இருக்கும்" என்றான்.

மறுநாள் ராத்திரி ஷிப்டு.
லாரி எதுவும் வராத ரெண்டு மணி.
நூல் அறுத்த விரலோடு
எடைமேடை நடுவில் போய் நின்றேன்.
என் எடை அறுபத்தெட்டு.
அதற்கு இருபது இருபதாகத்தான் எண்ணத் தெரியும்.
சிவப்பு எழுத்தில்
அறுபது என்று காட்டியது.