சயானில் ஃபாஸ்ட் நிற்காது

முப்பத்தாறு நாவல்களில்
எனக்கு டார்ச் கொடுத்தார், கைத்துப்பாக்கி கொடுத்தார்,
மழையிலும் கலையாத கொண்டை கொடுத்தார்.
அட்டையில் சிவப்பு எழுத்தில்
துப்பறியும் வசுமதி.
பேனா மட்டும் கொடுக்கவில்லை.
யாரோ எழுதிய மொட்டைக் கடிதத்தை
வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதோடு சரி
எனக்கும் எழுத்துக்கும் இருந்த உறவு.

பிரணதார்த்தி, வங்கி குமாஸ்தா, கிளியரிங் பிரிவு.
டோம்பிவிலியில் ஏறி வி.டி.யில் இறங்கும் வரை
மடியில் பெட்டி, பெட்டிமேல் நான்.
மாதம் ஒரு கொலை, தொண்ணூற்றாறு பக்கம்.
முலுண்டில் கூட்டம் ஏறி முழங்கை இடித்தால்
அத்தியாயம் முடிந்துவிடும்.

முப்பத்தேழாவதில் பாதியில் போய்ச் சேர்ந்தார்.
நான் மாதுங்காவில் ஒரு மாடிப்படியில்,
ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே.
மேலே யாரோ நாற்காலியை இழுக்கிற சத்தம்.
எத்தனை நாள் அப்படியே நிற்பது?
இறங்கி வந்துவிட்டேன்.

துப்பறிகிறவளுக்கு ரேஷன் கார்டு கிடையாது.
பசித்ததாக அவர் ஓரிடத்திலும் எழுதவில்லை.
முதல் வடா பாவில் கண்ணில் நீர் வந்தது;
மிளகாய்தான், வேறொன்றுமில்லை.
கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ஒரு தட்டச்சு நிலையத்தில்
மனு எழுதிக் கொடுத்தேன்:
தண்ணீர்க் குழாய், வாடகைப் பாக்கி, காணாமல் போன மகன்.
அப்படித்தான் எழுத்தாளர் ஆனேன்.

சொந்தமாக ஒன்று எழுதுமுன்
என் பழைய புத்தகங்களை நடைபாதையில்
கிலோ கணக்கில் வாங்கி வந்து படித்தேன்.
பதினொன்றாவதில் நின்றுவிட்டேன்.

காட்கோபரில் நகைக்கடைக்காரர் கொலை, இரவு எட்டுப் பத்து.
தாராவி தோல் மண்டிக் கணக்கன் ஞானதுரை
எட்டு மணிக்குச் சயான் நிலையத்தில்; மூன்று சாட்சி.
நான் கொண்டையைச் சரிசெய்துகொண்டு சொல்கிறேன்:
"எட்டு இரண்டு ஃபாஸ்ட்டில் ஏறினால்
எட்டுப் பத்துக்குக் காட்கோபர், மிஸ்டர் ஞானதுரை!"
இன்ஸ்பெக்டர் கைதட்டுகிறார். விலங்கு. முற்றும்.

சயானில் ஃபாஸ்ட் நிற்காது.
அங்கே பேப்பர் போடும் பையனுக்கும் தெரியும்.
ஸ்லோ வண்டி எட்டு ஒன்பதுக்குத்தான்.
பிரணதார்த்தி இருபத்தெட்டு வருடம் ஃபாஸ்ட்டில் போனவர்;
சயான் அவருக்குச் சன்னலில் கலங்கிய ஒரு மஞ்சள் பலகை.
நான் போய்ப் பார்த்திருக்கலாம்.
அந்த அத்தியாயத்தில் என்னிடம் ஸ்கூட்டர் இருந்தது.

பதிப்பாளர் கேட்டார்: "அப்ப கொன்னது யாரும்மா?"
தெரியாது என்றேன்.
"தெரியாம எப்படி எழுதுவீங்க?"
தெரிந்துகொண்டு எழுதியதில்தான்
ஒருவன் உள்ளே இருக்கிறான் என்றேன்.
அவர் எழுந்து ஃபேனை நிறுத்தினார்.

வியாழக்கிழமைகளில் தாணே சிறைக்குப் போகிறேன்,
ஸ்லோ வண்டியில்.
கம்பிக்கு இந்தப் பக்கமிருந்து வாசித்துக் காட்டுகிறேன்.
ஞானதுரை நல்ல எடிட்டர், இரக்கம் கிடையாது.
"மண்டியில அந்த நாத்தம் வராது மேடம்,
உப்புப் போட்ட தோலுக்கு வேற நாத்தம்."
அடித்துவிட்டு எழுதுகிறேன்.
"மூணு சாட்சி, மூணு சாட்சின்னே போட்டிருக்கே,
அவங்களுக்குப் பேர் இல்லையா?"
எழுதுகிறேன்.

போன வாரம் வாசித்து முடித்த பிறகு
வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.
காவலர் சாவிக்கொத்தை ஆட்டும்போது சொன்னான்:
"அந்தப் புத்தகத்துல எனக்கு ஒரு பிள்ளைகூட இல்லை."
எழுதட்டுமா என்றேன்.
"எழுதுங்க. பேரு நான் வைக்கிறேன்."

இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறான்.
நாற்பத்தோராம் பக்கத்தில்
ஒரு பெயரின் அகலத்துக்கு இடம் விட்டிருக்கிறேன்.
பெண்ணா பையனா என்று கேட்க மறந்துபோனேன்.
அதனால் வினைச்சொற்கள் எல்லாம்
விகுதி இல்லாமல் நிற்கின்றன:
நிலையத்து வாசலில் காத்திருந்த
கூட்டத்தில் அப்பாவைக் கண்டுபிடித்த
ஓடி வந்த