மீன் போட்ட நோட்டு

குறிப்பேட்டில் நான் எழுதியது இவ்வளவுதான்:
புதிய நூறும் இருநூறும் பார்வைக்கு வைக்கப்பட்டன.
கருத்துகள் பலவாறு.

பலவாறு என்ற சொல்லுக்குள்
மேசையைக் குத்திய ஒரு கை இருக்கிறது.
கவிழ்ந்த காப்பி இருக்கிறது.
செயலாளர் என்பவன் எல்லாவற்றையும் எழுதக்கூடாது.

கிறிஸ்தியான்சுண்ட். நூலகத்தின் மாடி அறை.
மே மாதக் கடைசி, இரவு ஒன்பதுக்கும்
விளக்குத் தேவைப்படாத வெளிச்சம்.
வெள்ளைக் கையுறை போட்ட ஏழு பேர்
ஒரு மீனைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம்.

மீன்தான். இருநூறு க்ரோனர், பச்சை நிறம், காட் மீன்.
முன்பெல்லாம் நோட்டில் மனிதர்கள் இருந்தார்கள்.
நாற்பது வருடமாக அவர்கள் கண்ணுக்குள் பார்த்து
நல்லதா கள்ளமா என்று சொல்லிவந்த எய்வின்
இந்தக் கண்ணைப் பார்த்தார்,
உருப்பெருக்கியைத் துடைத்தார்,
துடைத்துக்கொண்டே இருந்தார்.

பின்பக்கம் இன்னும் மோசம் என்றார் ஹால்வார்.
கட்டம் கட்டமாய், குளியலறைத் தரைபோல.
"அச்சகத்தில் யாரோ தும்மிவிட்டார்கள்."

ராக்ன்ஃப்ரி சிரிக்கவில்லை.
இருபத்தாறு வருடம் வானிலை நிலையத்தில்
காற்றை எழுதிச் சம்பளம் வாங்கியவள்.
இரண்டு நோட்டையும் அருகருகே கவிழ்த்தாள்.
கையுறையைக் கழற்றினாள்
(காப்பி கவிழ்ந்தது இப்போதுதான்)
வெறும் விரலால் கட்டங்களைத் தடவினாள்.
நூறில் அவை குட்டை. இருநூறில் சற்றே இழுபட்டிருந்தன.

"இது படமில்லை, காற்று.
நூறில் துணி காயப்போடலாம்.
இருநூறில் தொப்பியைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.
ஆயிரம் வரட்டும்,
அன்றைக்கு யாரும் படகை எடுக்காதீர்கள்."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
ஜன்னலுக்கு வெளியே கொடிக்கம்பத்தில் கயிறு அடித்துக்கொண்டிருந்தது.
நூறா இருநூறா என்று நான் யோசித்தேன்.

அப்புறம்தான் தூர்கிரிம் மேசையைக் குத்தினார்.
மூன்று தலைமுறையாகக் கருவாட்டு வியாபாரம்.
பாறையில் காட் காயவைத்து
போர்ச்சுகலுக்கு ஏற்றிய குடும்பம்.
"இதை விற்றுத்தான் காசு பார்த்தோம்.
இதையே காசு என்றால்
நாங்கள் விற்றது என்ன?"

கருவாடு விற்ற காசு நாறுமா என்பார்கள்.
அவர் நோட்டை மூக்கருகே கொண்டுபோனதை
நான் பார்த்தேன். பார்க்காததுபோல் பேனாவை மூடினேன்.

"என் ஆல்பத்தில் இதற்கு இடமில்லை."
கோட்டுப் பையில் மடித்துச் செருகினார்.
மடித்து!
எய்வின் கண்ணை மூடிக்கொண்டார்.

துறைமுகத்தில் வாஃபிள் கடை.
தூர்கிரிம் அந்த நோட்டை நீட்டினார்.
கடைக்காரப் பெண் சிரில், பத்தொன்பது வயது,
இந்த ஊரில் எல்லாரும் போனைக் காட்டிப் பணம் கொடுப்பதால்
கல்லாவைத் திறக்கச் சாவி தேடினாள்.
"இது நம் நாட்டுப் பணமா?" என்று கேட்டாள்.
பிறகு, யாரும் சொல்லிக்கொடுக்காமலே,
வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள்.
எங்களில் ஒருத்தியைப்போல.
பின்னால் வரிசையில் நின்ற எனக்கு
உடம்பு சிலிர்த்தது.

ஐந்தாம் நாள் எய்வின் தொலைபேசியில் கூப்பிட்டார்.
பழக்கதோஷம்,
மேசைக்கு வந்த நோட்டுகளின் எண்களைக் குறித்துவைத்திருக்கிறார்.
தூர்கிரிமின் மீன்
முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும்
ஒரே எண்.
ஏலத்தில் விட்டால் ஒரு குளிர்காலத்துக்கு விறகு வாங்கலாம்.
மடிப்பு இருக்கிறதே என்றேன்.
"மடிப்போடு சேர்த்துத்தான் சொல்கிறேன்."

சிரிலின் கல்லாவில் அது இல்லை.
ஒரு ஜெர்மன் பயணிக்குச் சில்லறையாகப் போயிருக்கலாம்,
வங்கிக்குப் போயிருக்கலாம்.
மீன்தானே,
போன வழியில் தடம் கிடையாது.

ஜூன் குறிப்பேட்டில் இதுவும் ஏறவில்லை.
ஆனால் ஊரில் எல்லாருக்கும் தெரியும்:
தூர்கிரிம் இப்போது கார்டு நீட்டுவதில்லை.
ஐந்நூறு கொடுத்து ஒரு தீப்பெட்டி வாங்குகிறார்,
மீதியில் இருநூறு கேட்கிறார்,
கதவோரம் நின்று
ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்கிறார்.

கிழவருக்கு அந்த மீன் என்றால் உயிர்
என்று பேசிக்கொள்கிறார்கள் கடைப் பெண்கள்.
அவர் மறுப்பதில்லை.