மாடு முட்டியதற்கு ஒரு எண்

சிவில் படித்தேன்.
கடைசி வருடம் பவானிக்குக் குறுக்கே
ஒரு பாலத்துக்கு எத்தனை டன் கம்பி என்று
மூன்று பேர், ஒரே கால்குலேட்டரில் கணக்குப் போட்டோம்.
இன்னும் தாளில் நிற்கிறது அது,
ஒரு விரிசல் கிடையாது.

இப்போது சரவணம்பட்டியில், ஐந்தாவது மாடியில்,
பார்க்காத தேசத்து எலும்புகளுக்கு
எண் போடுகிறேன்.
ஏணியிலிருந்து விழுந்தால் ஒன்று.
படகில் வழுக்கினால் வேறு.
மாடு முட்டினால் தனி எண்,
முதல் தடவை வந்தாரா, மறுபடி வந்தாரா என்பதில்
கடைசி எழுத்து மாறும்.

போன ஆடியில் அந்தியூர்ச் சந்தைக்கு ஓட்டிப் போகையில்
கிடாரி சித்தப்பாவை முட்டித் தள்ளியது.
ஆளுக்கொரு பக்கம் தண்ணிக்கு ஓட
என் வாயில் வந்தது அந்த எண்.
"என்ன புள்ள முனகற, மந்திரமா?" என்றார்
விலாவைப் பிடித்துக்கொண்டு.

பெண் பார்க்க வந்தவர்கள் கேட்டார்கள்,
"பாப்பா சாஃப்ட்வேருங்களா?"
"அதுக்குப் பக்கத்துலதானுங்க" என்றாள் அம்மா.
பொய்யில்லை.
எங்களுக்குக் கீழ்மாடி சாஃப்ட்வேர்.

அந்தக் கீழ்மாடி மேலே ஏறி வருகிறது.
செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் சொன்னார்கள்:
இனி எண்ணை அதுவே போடும்,
தப்பை மட்டும் நாங்கள் திருத்தினால் போதும்,
திருத்தத் திருத்தக் கற்றுக்கொள்ளும்.
எத்தனை மாதத்தில் என்று யாரும் கேட்கவில்லை.
பிஸ்கட் பாக்கெட் கைமாறிக் கைமாறி
பிரிக்காமலே என்னிடம் வந்து சேர்ந்தது.

நர்சிங் படித்த தேன்மொழி
அடுத்த வாரமே ஜெர்மன் வகுப்பில் சேர்ந்துவிட்டாள்.
காந்திபுரம் வரைக்கும் பஸ்ஸில்
மேசை ஆணா, கதவு பெண்ணா என்று
தனக்குத்தானே வாய்ப்பாடு.
கவின்ராஜ் திருப்பூருக்கே திரும்பிப் போனான்.
பனியன் கம்பெனியில் கப்பல் பிடிக்கிற வேலையாம்;
கடலை அவன் பார்த்தது
ஒன்பதாம் வகுப்புச் சுற்றுலாவில், ஒரே தடவை.
நான் மூன்று இடத்துக்கு பயோடேட்டா அனுப்பினேன்.
ஒன்றில் சிவில் என்று போட்டேன்,
இரண்டில் போடவில்லை.

நேற்று இரவு ஒன்றே முக்காலுக்கு
அதன் முதல் பெரிய தப்பு என் திரையில் வந்தது.
அறுபத்தோரு வயதுப் பெண்.
ரொட்டி கடிக்கையில் பிரிட்ஜ் உடைந்ததாம்.
பல்லில் கட்டிய பிரிட்ஜ்.
அது ஆற்றுப் பாலம் என்று எடுத்துக்கொண்டு
அந்த அம்மாவை உயரத்திலிருந்து
விழவைத்திருந்தது.

சிரிப்பு வந்தது.
பக்கத்து சீட்டை எழுப்பிக் காட்டலாம் என்று பார்த்தேன்,
காலியாக இருந்தது.

திருத்தினால் கற்றுக்கொள்ளும்.
திருத்தாவிட்டால் என் பெயரில் தப்பு ஏறும்.

கொஞ்ச நேரம் அப்படியே விட்டுவைத்தேன் பாலத்தை,
கீழே பவானி ஓடட்டும் என்று.
பிறகு,
பல் என்று அடித்தேன்.